'சிடி4' என்பதில் 'சிடி' எதைக் குறிக்கிறது?

குருதிப் பரிசோதனை அறிக்கைகளில் சிடி4, சிடி8 என வரும் குறியீடுகளின் முன்பகுதி, 'கிளஸ்டர் ஆஃப் டிஃபரன்ஷியேஷன்' என்னும் தொடரின் சுருக்கமாகும். இதனை 'வேறுபாட்டுக் கொத்து' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், உயிரணுவின் மேற்பரப்பில் புரதங்கள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருப்பதாகப் பொருள்பட்டுவிடும். உண்மையில் இங்குத் தொகுக்கப்பட்டவை அம்மேற்பரப்புப் புரதங்கள் அல்ல, அவற்றைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பான்கள் (ஆன்டிபாடிகள்).

1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும், எதிர்ப்பான் சுரக்கும் எலியின் உயிரணுவை இறவாது பெருகும் மைலோமா புற்றணுவோடு இணைத்து, ஒரே அணுவின் வழிவந்த பெருக்கத்திலிருந்து ஒரே வகை எதிர்ப்பானை மட்டும் தொடர்ந்து பெறும் முறையை வெளியிட்டனர். அதுவே மோனோகுளோனல் எதிர்ப்பான். 'குளோன்' என்பது இளங்கிளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 1903இல் தாவரவியலுக்கு வந்தது. போத்து நட்டுப் பயிர் பெருக்கும் வழக்கை அறிந்த நமக்கு இது அந்நியமான கருத்தன்று. 'ஓரின எதிர்ப்பான்' என்பதைவிட 'ஓரணுவழி எதிர்ப்பான்' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. இனம் என்றால் உயிரினம் என்றும் கொள்ள இடமுண்டு.

இம்முறை பரவியதும் ஆய்வகங்கள் வெள்ளணுக்களுக்கு எதிராகத் தத்தம் எதிர்ப்பான்களை உருவாக்கித் தத்தம் பெயரையும் சூட்டின. ஓகேடி4 என ஒருவர் அழைத்ததும் லியூ3 என மற்றொருவர் அழைத்ததும் ஒரே புரதத்தைப் பற்றும் எதிர்ப்பான்களே. இக்குழப்பத்தைத் தீர்க்க 1982இல் பாரிசில் கூடிய பன்னாட்டுப் பட்டறையில், பல ஆய்வகங்களின் எதிர்ப்பான்கள் பலவகை உயிரணுக்களோடு ஒப்பிடப்பட்டு, ஒரே பாங்கில் பிணைந்தவை புள்ளியியல் முறையில் ஒரே தொகுதியாக்கப்பட்டு எண்ணிடப்பட்டன. எதிர்ப்பான் தொகுதிக்கு இட்ட எண் பின்னர் அவை பற்றும் புரதத்துக்கே பெயராகிவிட்டது. நம் இலக்கணம் இதனை ஆகுபெயர் என்னும்.

'டிஃபரன்ஷியேஷன்' என்பதும் வெறும் வேறுபாடன்று. எலும்பு மச்சையின் மூல உயிரணு படிப்படியாக டி அணு, பி அணு என்னும் வெள்ளணு வகைகளுள் ஒன்றாக உருப்பெறும்போது அதன் மேற்பரப்புப் புரதங்களும் மாறுகின்றன. இளம் மூல அணுவில் காணப்படும் சிடி34 முதிர்ச்சியில் மறைகிறது; பி அணு சிடி19ஐ ஏந்துகிறது. ஆயினும் ஓர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது: உதவி டி அணுவுக்குரியதாகக் கருதப்படும் சிடி4, மோனோசைட்டு என்னும் வேறுவகை வெள்ளணுக்களிலும் மனிதரிடம் உண்டு. ஆகவே ஒளிரும் சாயம் ஏற்றிய பல எதிர்ப்பான்களை ஒருங்கே சேர்த்து, லேசர் ஒளியினூடே உயிரணுக்களை ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்க்கின்றனர்.

எனவே தமிழில் 'வேறுபடுநிலைத் தொகுதி' என்பது மூலக்கருத்துக்கு நெருங்கி வரும். அறிக்கைகளில் மட்டும் சிடி என்ற குறியீடும் எண்ணும் அப்படியே நிற்கலாம்.