பேய் நகரமா, பாழூரா?

மக்கள் விட்டுப்போய் வெறிச்சோடிக் கிடக்கும் ஊரைக் குறிக்கும் 'கோஸ்ட் டவுன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பலரும் 'பேய் நகரம்' என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் புளியமரத்தையும் வெள்ளைப் புடவையையும் நினைத்துக்கொள்வார். ஆங்கிலச் சொல்லில் அப்படி எதுவும் இல்லை. ஊருக்குள் பேய் உலவுவதாக அது சொல்லவில்லை, ஊரே பேயாகிவிட்டது என்கிறது. உயிர் போய்விட்டது, உருவம் மட்டும் நிற்கிறது.

தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான நமீபியாவில் லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 10 கி.மீ. உள்ளே, நமீபு பாலைவனத்தில் உள்ள கோல்மன்ஸ்கோப் என்ற ஊரைப் பார்த்தால் இது புரியும். 'கோல்மனின் குன்று' என்று பொருள். மணல்புயலில் மாட்டுவண்டியை விட்டுவிட்டு ஓடிய கோல்மன் என்ற வண்டிக்காரரின் பெயர் என்பார்கள். கைவிடப்பட்ட வண்டியால் பெயர் பெற்ற ஊர் கடைசியில் தானும் கைவிடப்பட்டது!

1908இல் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு கல்லைக் கண்டெடுத்து மேலாளர் ஆகஸ்ட் ஸ்டாவ்க்கிடம் கொடுத்தார். அது வைரம். அன்று அது ஜெர்மன் காலனி. அப்புறம் என்ன, ஜெர்மானியர்கள் குவிந்தார்கள். குடிநீரே கப்பலில் வந்து இறங்கிய இடத்தில் ஐஸ் தொழிற்சாலை, நடன அரங்கு, எக்ஸ்ரே கருவியோடு மருத்துவமனை எல்லாம் வந்தன. பணம் ஸ்டாவ்க்குப் போனது. லெவாலாவுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. 1928இல் தெற்கே ஆரஞ்சு ஆற்றின் முகத்துவாரப் பக்கம் இதைவிட வளமான வைரப் படிவுகள் கிடைத்ததும் ஆட்கள் அங்கே நகர ஆரம்பித்தார்கள். 1956இல் ஊர் முழுக்கக் காலி. இன்று வீடுகளுக்குள் முழங்கால் அளவு மணல் கிடக்கிறது. பாதி திறந்த கதவு அந்த மணலில் சிக்கி அப்படியே நிற்கிறது. சுவரில் பூசிய நிறம் மட்டும் இன்னும் போகவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் 'பேய்' முன்னொட்டாக வந்தால் வேறு வேலை பார்க்கும். பேய்மழை என்றால் அளவுகடந்த மழை, பேய்ப்புடல் என்றால் காட்டுப் புடல். அந்தக் கணக்கில் 'பேய் நகரம்' பிரம்மாண்டமான நகரம் என்றுகூட ஆகிவிடும். ஆங்கிலப் பொருளுக்கு நெருக்கமாக வருவது 'பேய்த்தேர்' ஒன்றுதான். கானல்நீருக்குப் பழந்தமிழில் உள்ள பெயர் அது. கண்ணுக்குத் தெரியும், கிட்டப் போனால் இருக்காது. ஆனால் இன்று பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

'பாழ்' அப்படியில்லை. பாழடைந்த வீடு, பாழுங்கிணறு, பாழாய்ப்போன என்று வாயில் புழங்குகிற சொல். வெறுமை, ஒன்றுமின்மை என்ற பொருளும் அதற்கு உண்டு. எனவே பாழூர். 'பாழ்' என்றால் இடிந்து விழுந்தது போலிருக்கிறதே என்றால், நியாயம்தான். கோல்மன்ஸ்கோப்பை யாரும் இடிக்கவில்லை. ஆட்கள் போனதைத்தான் அழுத்த வேண்டுமென்றால் 'குடிநீங்கிய ஊர்' என்று விரித்து எழுதலாம். தலைப்புக்கு நீளம், கட்டுரைக்குச் சரி.

1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியையும் 'பேய் நகரம்' என்கிறார்கள். அங்கே இன்றும் மீனவர்கள் குடிசை போட்டு வாழ்கிறார்கள். அதற்குப் 'பாழூர்', 'குடிநீங்கிய ஊர்' இரண்டுமே பொருந்தாது. 'அழிந்த துறைமுகம்' என்றால் போதும்.

'பாழூர்' வினையாகவும் வரும்: 'வைரம் வேறு பக்கம் போனதும் கோல்மன்ஸ்கோப் பாழூராயிற்று.'