அப்பா இல்லாத ஆண் தேனீ

ஆண் தேனீக்கு அப்பா கிடையாது. தாத்தா உண்டு, அதுவும் அம்மாவழியில் மட்டும். இதை முதலில் கண்டுசொன்னவர் கத்தோலிக்கப் பங்குத்தந்தை யான் ஜெர்ஜோன். 1811-இல் சிலேசியாவில் பிறந்தவர். அன்று அது பிரஷ்யா, இன்று போலந்து. 1834-இல் குருப்பட்டம் பெற்று, மறு ஆண்டே கார்ல்ஸ்மார்க்ட் என்ற சிற்றூருக்குப் போனார்.

அக்காலத்தில் தேனீக்களை வைக்கோல் கூடையிலோ குடைந்த மரத்திலோ வளர்த்தார்கள். தேனடையை வெட்டாமல் உள்ளே பார்க்க முடியாது. வெட்டினால் பார்க்க வந்ததே கலைந்துவிடும். 1838-இல் ஜெர்ஜோன் பெட்டியின் மேல்பக்கம் தனித்தனி மரச்சட்டங்களை அடுக்கி, சட்டத்துக்கு ஓர் அடை தொங்கும்படி செய்தார். அடை பக்கச்சுவரில் ஒட்டிக்கொள்ளும் தொல்லை இருந்தது. ஓரத்தைக் கத்தியால் அறுத்துத்தான் தூக்க வேண்டும். ஆனாலும் அதே அடையை நாள்தோறும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், அவருடைய கண்டுபிடிப்பில் பாதி இந்தப் பெட்டிதான்.

ராணி இணைசேர்வது வானில், பறக்கும்போது மட்டுமே. சிறகு ஊனமாகி வெளியே போகாத ராணிகளும் முட்டையிட்டன. எல்லாமே ஆணாகப் பொரிந்தன. அப்படியானால் ஆண் பிறக்க விந்து தேவையில்லை என்று 1845-இல் எழுதினார். எதிர்ப்பு பலமாக இருந்தது. 1853-இல் அவர் வரவழைத்த மஞ்சள் பட்டை இத்தாலிய ராணிகள் கைகொடுத்தன: கரிய உள்ளூர் ஆண்களோடு சேர்ந்த ராணிக்கு மகள்கள் கலப்பாகப் பிறந்தார்கள், மகன்களோ அசல் இத்தாலியர். பிறகு விலங்கியலாளர் சீபோல்ட் நுண்ணோக்கியில் பார்த்தபோது, பணித்தேனீ (வேலை செய்யும் பெண் தேனீ) முட்டைகளில் விந்தணு இருந்தது, ஆண் முட்டைகளில் இல்லை.

(1873-இல் ஜெர்ஜோனைத் திருச்சபை விலக்கியது. காரணம் தேனீ அல்ல. திருத்தந்தையின் வழுவாவரத்தை, அதாவது போதனையில் அவர் தவறமாட்டார் என்ற கோட்பாட்டை, ஜெர்ஜோன் ஏற்கவில்லை.)

ராணி இளமையில் பத்து, இருபது ஆண்களோடு இணைந்து, விந்தணுக்களை வயிற்றிலுள்ள சிறு பையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். முட்டையிடுமுன் அறைக்குள் தலையை விட்டு, முன்னங்கால்களால் அகலத்தை அளக்கும். ஆண் அறை பணித்தேனீ அறையைவிட ஏறக்குறைய 1 மி.மீ. அகலம். குறுகிய அறை என்றால் பையின் வாய் திறந்து, நழுவும் முட்டைமீது சில விந்தணுக்கள் விழும்: 32 குரோமோசோம், பெண். அகன்ற அறை என்றால் பை மூடியே இருக்கும்: 16 குரோமோசோம், ஆண். பணித்தேனீ 21 நாளில் வெளிவரும், ஆண் 24 நாளில்.

தொடர் மழையில் கன்னி ராணி மூன்று, நான்கு வாரம் பறக்க முடியாமல் போனாலும், கிழ ராணியின் பை வற்றினாலும், குறுகிய அறையிலும் ஆண் முட்டையே விழும். புழு பருத்து இடம் போதாமல், அறையின் மூடி துப்பாக்கிக் குண்டின் முனைபோல் புடைத்து நிற்கும். ஒரே அறையில் நான்கைந்து முட்டைகள், அதுவும் பக்கச்சுவரில் ஒட்டியிருந்தால் கதை வேறு: ராணி இல்லை, பணித்தேனீக்களே இடுகின்றன. அவற்றின் குட்டை வயிறு அறையின் அடியை எட்டாது. அங்கே புது ராணியை விட்டால் பெரும்பாலும் கொன்றுவிடும். வலுவான இன்னொரு கூட்டோடு சேர்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.