பல்லி சண்டையில எது ஜெயிக்குது, ஏன்?

பினாங்குல எந்த வீட்டு போர்ச் லைட்டுகிட்ட பாத்தாலும் ராத்திரி ஆனா ஒரு பல்லி உக்காந்திருக்கும், அது ஆம்பள பல்லின்னா இன்னொரு ஆம்பளைய கிட்ட சேக்காது, டிக் டிக் டிக்னு சத்தம் குடுத்தே விரட்டப் பாக்கும். லைட்டுக்கு பூச்சி வரும், பூச்சிய தேடி பொம்பள பல்லியும் வரும், அதனால அந்த ரெண்டடி சுவர அது லேசுல விட்டுக் குடுக்காது. இப்ப வெளிய இருந்து ஒண்ணு வந்து மோதுனா எது ஜெயிக்கும்? பெருசுதான்னு சட்டுனு சொல்லிருவோம். ஆனா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்னா, பல்லி ஓணான் வகையில பெரும்பாலும் ஏற்கனவே அங்க இருக்குறதுதான் ஜெயிக்கும்.

ஏன் அப்படின்னா, 1976ல ஜான் மேனார்ட் ஸ்மித், ஜெஃப்ரி பார்க்கர்னு உயிரியல் ஆராய்ச்சிக்காரங்க ரெண்டு பேரு இத கணக்கு போட்டு காட்டுனாங்க. கெடைக்கிற எடத்த விட படுற காயம் பெருசுன்னா, இருக்குறவன் இருக்கட்டும் வந்தவன் போகட்டும்ங்கிற ஒரே ஒரு ரூல் போதும், ரெண்டு பக்கமும் தப்பிச்சிரும். அதோட உள்ளூர்காரனுக்கு எந்த சந்து எங்க இருக்கு, எங்க ஓடி ஒளியலாம்னு அத்துப்படி. ஆனா இன்னொண்ணையும் மறக்கக்கூடாது, பலசாலியா இருந்ததாலதான் அந்த எடமே அதுக்கு கெடச்சிருக்கும்.

சைஸ் வித்தியாசம் நல்லா தெரியிற அளவுக்கு இருந்தா கதையே வேற. கோலாலம்பூர் ஏரிக்கரையில பெரிய உடும்பு ரெண்டு பின்னங்கால்ல எந்திரிச்சு நின்னு கட்டிப் புடிச்சு தள்ளுறத பாத்திருப்பீங்க, அங்க எடையும் பலமும்தான் பேசும், எது கீழ விழுதோ அது தோத்துச்சு.

உடம்பு சூடும் முக்கியம். ஓணானுக்கு வெயில்லேருந்துதான் சூடு வரணும், உடம்பு குளுந்து கெடந்தா தசை மெதுவாத்தான் வேல செய்யும், அதனால வெயில் பட்டு சூடேறுனதுக்கு ஒரு பிடி கூடுதல்.

கடியும் அப்படித்தான், ஆனா எல்லாத்துக்கும் இல்ல. அமெரிக்காவுல பச்சை அனோல்னு ஒரு ஓணான் இருக்கு, 2004ல வந்த ஆராய்ச்சியில பெரிய ஆம்பளைங்க மோதுனா கடி பலமா உள்ளது ஜெயிச்சுது, சின்ன ஆம்பளைங்க மோதுனா நல்லா தாவுறது ஜெயிச்சுது, ஒரே இனத்துக்குள்ளயே!

என்ன கேட்டா, நெஜமான சண்டை பல்லு படுறதுக்கு முன்னாடியே முக்கால்வாசி முடிஞ்சிருது. நம்ம தோட்டத்து ஓணான் தலையும் தொண்டையும் செவப்பாக்கிகிட்டு தண்டால் எடுக்குறது சும்மா இல்ல, எதிராளி அத பாத்து எடை போடுது. பினாங்கு தண்ணீர்மலை பக்கம் மரத்துல இருக்குற பறக்கும் ஓணான் தொண்டையில மஞ்சத் துணி மாதிரி ஒண்ண விரிச்சு விரிச்சு காட்டுறதும் இதே பேச்சுதான். எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது அந்த பச்சை அனோலோட கண்ணுதான். சண்டை ஆரம்பிச்சதும் கண்ணுக்குப் பின்னாடி ஒரு சின்ன எடம் கறுத்துப் போகும், உடம்புல அட்ரினலின் ஏறுறதோட அடையாளம் அது. யாருக்கு மொதல்ல கறுக்குதோ பெரும்பாலும் அதுதான் தாதா ஆகும். ஆராய்ச்சி பண்ணவங்க அந்த எடத்துல பெயிண்ட் அடிச்சுப் பாத்தாங்க, ஒண்ணுக்கு கறுப்பு, அதோட எதிராளிக்கு பச்சை. கறுப்பு பெயிண்ட் உள்ளது மேல வந்துச்சு, எதிர்ல நின்னது பணிஞ்சு போச்சு. பெயிண்டால பலம் கூடல, ஆனா எதிராளி அத நம்பிருச்சு.

ஒரு தடவ தோத்தது அடுத்த சண்டையிலயும் சீக்கிரம் பின்வாங்கும், மூளையில செரோடோனின்ங்கிற ரசாயனத்தோட ஓட்டமே மாறிப்போறதுதான் இதுக்கு ஒரு காரணம்.

அப்ப எப்பவும் முறைச்சுகிட்டே இருக்குறது லாபமான்னா, அதுவும் இல்ல. 1988ல அரிசோனா மலைப் பக்கம் ஒரு முள் ஓணான் வகைக்கு டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆம்பள ஹார்மோன கூட்டி விட்டுப் பாத்தாங்க, அதுங்க நாள் பூரா ஏரியாவ சுத்தி சுத்தி காவல் காத்துச்சுங்க, சாப்புடுறது கொறஞ்சுது, சாதா ஆம்பளைங்கள விட சீக்கிரமே செத்தும் போச்சுங்க.