செப்புத் தகட்டில் இடம் வலமாய் ஒரு பிரான்ஸ்

பிரெஞ்சு வட்டாரம் ஒன்றின் பழைய நிலப்படம் கையில் கிடைத்தால், ஊர்ப்பெயரைத் தேடும் முன் தாளின் ஓரத்தைப் பாருங்கள். நாலு பக்கமும் லேசாக அமுங்கிய கோடு தெரிந்தால், அது உலோகத் தகடு பதிந்த தடம்.

செதுக்குபவர் கூர் உளியால் ஆறு, மலை, எழுத்து எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாற்றிச் செம்பில் வெட்டுவார். தகடு முழுக்க மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே விரித்து உருளைகளுக்கு இடையே விட்டு அழுத்தினால், தாள் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி மையை எடுத்து வரும். விரலால் தடவினால் கோடு மேடாகத் தட்டுப்படுவது அதனால்தான்.

செம்பு மென்மையானது. தப்பு வந்தால் சுரண்டி, பின்பக்கம் தட்டிச் சமப்படுத்தி மறுபடி வெட்டலாம். ஆனால் எல்லோரும் மெனக்கெடவில்லை. தகடு கைமாறும், வாங்கியவர் பெயரை மட்டும் மாற்றிப் பழைய படத்தையே புதுசு என்று விற்பார். சரி, தப்பு எவ்வளவு பெரியது? 1679 முதல் வானியலாளர்கள் பிக்கார், லா ஹீர் இருவரும் வானியல் முறையில் அளந்தபோது படத்தில் பிரான்ஸின் மேற்குக் கரை நன்றாகவே கிழக்கே தள்ளிப்போனது. எதிரிகளைவிட என் வானியலாளர்களிடம்தான் அதிக நிலத்தை இழந்தேன் என்று மன்னர் பதினான்காம் லூயி அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

வண்ணம் அச்சில் வந்ததல்ல, கையால் பூசியது. பச்சையைக் கவனியுங்கள். செம்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சை என்றால் அது தாளையே அரிக்கும். தாளைத் திருப்பினால் எல்லைக்கோடு பழுப்பாக ஊடுருவியிருக்கும். முற்றிவிட்டால் அந்தக் கோட்டிலேயே தாள் வெடிக்கும்.

அலங்காரம் என்றால் எனக்கு நிலப்படக்காரர் விக்டர் லெவாசர்தான். 1790-ல் பழைய மாகாணங்கள் போய் 83 மாவட்டங்கள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அவர் மாவட்டத்துக்கு ஒரு தாளாக ஒரு நிலப்படத் தொகுப்பு போட்டார். இப்போது செம்பு இல்லை, எஃகு. மயிரிழைக் கோடுகூட வெட்டலாம், ஆயிரக்கணக்கில் அடித்தாலும் சுலபத்தில் தேயாது. அதனால்தான் மாவட்டத்தைச் சுற்றி விளைபொருள், கட்டடம், உள்ளூர்ப் பெரியவர்களின் முகம் என்று அத்தனை நுணுக்கம். அந்தச் சித்திரங்கள் ரேமோன் போனர் வரைந்தவை. ஓவியர் ரோசா போனரின் அப்பா. மாவட்டமோ நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். வழி தேட இது உதவாது என்பேன்.

அப்புறம், அதே தொகுப்பில் பிரான்ஸின் ஆசியக் குடியேற்றங்களுக்கும் ஒரு தாள் உண்டு. அதில் புதுச்சேரியும் காரைக்காலும் இருக்கின்றன.