ரிசீவர்: பெறுவதும் பெறுவிப்பதும்

பழைய தொலைபேசியில் காதோடு வைத்துக்கொள்ளும் பிடிக்கு ரிசீவர் என்று பெயர். வழக்கில் சிக்கிய சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் அமர்த்தும் ஆளும் ரிசீவர்தான். ஹோம் தியேட்டர் அமைக்க நினைத்தால், டிவிக்குக் கீழே வைக்கும் கனத்த பெட்டிக்கும் இதே பெயர். இந்தப் பெட்டி எதைப் பெறுகிறது என்று கேட்டுப் பார்த்தால், எதை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீரும்.

லத்தீனில் ‘காபெரே’ என்றால் பிடித்தல், எடுத்தல். அதன் முன் ‘ரெ’ சேர்ந்து ‘ரெகிபெரே’ ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ரிசீவ்’ ஆனது. வானலையைப் பிடித்து ஒலியாக்கித் தந்த கருவியை ரேடியோ ரிசீவர் என்றார்கள். அலையைப் பிடிக்கும் ட்யூனர், ஒலிக்குறிப்பைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர் எனத் தனித்தனியாக இருந்தவை பிறகு ஒரே பெட்டிக்குள் வந்தன. ரேடியோ உள்ளே இருந்ததால் அந்தக் கூட்டுப் பெட்டியும் ரிசீவர் ஆனது. 1980களில் திரைப்பட ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் வேலையும், வீடியோ இணைப்புகளும் அதோடு சேர, ஏவி (ஆடியோ-வீடியோ) ரிசீவர் பிறந்தது. ட்யூனர் இல்லாத மாடல்களைச் சில நிறுவனங்கள் ஏவி ஆம்ப்ளிஃபயர் என்றே எழுதுகின்றன. என் பார்வையில் அதுதான் நேர்மையான பெயர்.

ஏனென்றால் பெறுவது இந்தப் பெட்டியின் முதல் வேலை மட்டும்தான். டிவி, டிஸ்க் பிளேயர், விளையாட்டுக் கருவி எல்லாம், படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கடத்தும் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக இதில் வந்து சேரும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 பதிப்பிலிருந்து, டிவியின் ஒலி அதே கேபிளில் திரும்பி வரவும் வழி உண்டு. அதைத்தான் ஏஆர்சி (ஆடியோ ரிட்டர்ன் சேனல்) என்கிறார்கள். அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. வந்த ஒலியை முன் இடம், முன் வலம், நடு, சுற்று (சரவுண்ட்) என்று பிரிக்க வேண்டும். சின்ன ஸ்பீக்கர்களால் தாங்க முடியாத ஆழ்ந்த ஒலியைக் கழித்து, அதற்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபருக்குத் திருப்பிவிட வேண்டும். பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ் அளவில் இந்த எல்லையை வைப்பார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, ஒலி எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி தாமதம் கொடுக்க வேண்டும். கடைசியில், ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு அந்தக் குறிப்பைப் பெருக்கி அனுப்ப வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழில் ‘இ’ என்ற விகுதி வினையைக் கருவியாக்கித் தரும். இடிதாங்கி, வழிகாட்டி, ஒலிவாங்கி எல்லாம் அப்படி வந்தவை. இந்த வழியில் வாங்கி, ஏற்பி, பெறுவி என்று மூன்று சொற்கள் கிடைக்கின்றன. ‘வாங்கி’ என்றதும் மைக்கைக் குறிக்கும் ஒலிவாங்கி நினைவுக்கு வரும். அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்த ரிசீவரோடு ஒரு மைக்கும் வருவதால், இரண்டையும் ஒரே பத்தியில் எழுதும்போது குழப்பம் வரும். ‘ஏற்பி’ உயிரியலில் உணர்வேற்பியாக நிலைத்துவிட்டது. மிச்சம் இருப்பது பெறுவி. கடிதத்தில் பெறுநர் என்று எழுதுகிறோம், அது ஆளுக்கு. பெறுவி கருவிக்கு. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் இடத்தில் தமிழ் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது.

இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அறி, அறிவி, செய், செய்வி. அதே போல பெறு, பெறுவி. பிறவினையாகப் படித்தால் ‘பெறச் செய்’ என்று பொருள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் பங்கைப் பெறும்படி செய்வதுதானே இந்தப் பெட்டியின் பெரிய வேலை! ஆங்கிலப் பெயர் விட்டுவிட்டதைத் தமிழ்ச் சொல் பிடித்துக்கொள்கிறது.

அடுத்து ஸ்பீக்கர். தொடக்கத்தில் ரேடியோவைத் தலையில் மாட்டும் ஹெட்ஃபோனில்தான் கேட்டார்கள். அறை முழுக்கக் கேட்கும்படி உரக்கப் பேசிய கருவி ‘லவுட் ஸ்பீக்கர்’ ஆனது. பீட்டர் ஜென்சனும் எட்வின் ப்ரிட்ஹாமும் 1915 வாக்கில் அமெரிக்காவில் உருவாக்கிய கருவிக்கு மாக்னவாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் அதற்குப் பெருங்குரல் என்று பொருள். தமிழில் ஒலிபெருக்கி என்றோம். மைக், ஆம்ப்ளிஃபயர், கூம்பு எல்லாம் சேர்ந்த மேடை அமைப்புக்கு இந்தப் பெயர் சரியாகப் பொருந்தும். ஆனால் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. வந்த மின்குறிப்பைக் காற்றின் அசைவாக மாற்றுகிறது, அவ்வளவுதான். பெருக்குவது பெறுவி.

இந்தப் பெயர்தான் பலரையும் வாட் கணக்கில் தடுமாற வைக்கிறது. ஸ்பீக்கரின் பின்னால் 150 வாட் என்று இருந்தால் அது 150 வாட் ஒலியைத் தரும் என்று நினைத்துவிடுகிறோம். அது ஸ்பீக்கர் தாங்கும் அளவு. எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்வது உணர்திறன், அதாவது சென்சிடிவிட்டி: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்ற கணக்கு. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்திறன் வேண்டும். அப்படிப் பார்த்தால் 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் போதும் இடத்தில், 85 டெசிபல் ஸ்பீக்கர் 200 வாட் கேட்கும். ஆகவே முதலில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு ஏற்ற பெறுவியைப் பிறகு பாருங்கள். உரையாடல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அதனால் முன்னால் வைக்கும் மூன்றும் ஒரே வரிசை மாடலாக இருக்கட்டும். பணத்தை அங்கே கூடுதலாகப் போடலாம், பின்னால் வைப்பவை எளியவையாக இருந்தாலும் பரவாயில்லை.

பெறுவியின் வாட் எண்ணையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே ஒரு தடத்தை (சேனலை) மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸில் அளந்த எண் பெரிதாகத் தெரியும். இரண்டு தடங்களை ஓட்டி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அளந்த எண்ணே நம்பத் தகுந்தது. ஸ்பீக்கரின் மின்தடையைச் சொல்லும் ஓம் அளவும் முக்கியம். ஒரே மின்னழுத்தத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் 8 ஓம் ஸ்பீக்கரைவிட இரு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். தாங்காத பெறுவி சூடாகி நின்றுவிடலாம். குறைந்தது எத்தனை ஓம் ஸ்பீக்கரை இணைக்கலாம் என்று பெறுவியின் பின்பக்கத்திலோ கையேட்டிலோ எழுதியிருப்பார்கள்.

ஒலிபெருக்கி என்ற சொல்லை மாற்றச் சொல்ல மாட்டேன். அது ஊன்றிப்போன சொல். வீட்டுத் திரையரங்கைப் பற்றி எழுதும்போது ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர் பகுதிக்கு மின்குறிப்புப் பெருக்கி, முழுப் பெட்டிக்கு ஒலி-ஒளிப் பெறுவி என்று எழுதலாம். ஒருமுறை முழுப் பெயரைச் சொன்ன பிறகு, பெறுவி என்று மட்டும் எழுதினாலே விளங்கும்.