நாத்தனாரின் ஹார்மோன் மாத்திரை

மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் கழித்து செக்கப்புக்கு வந்த அம்மா, மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். "ராத்திரியில திடீர்னு உடம்பு தீயா காயுது டாக்டர், வேர்த்துக் கொட்டுது. மறுபடியும் அட்டாக்கோன்னு எழுந்து உட்கார்ந்துக்கறேன்." பர்ஸிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை. நாத்தனாருக்கு எழுதிக் கொடுத்ததாம். பாதி அட்டை காலி.

நாத்தனாருக்கு அது சரியான மருந்தாகவே இருக்கலாம். அவருக்கு மாரடைப்பு வந்ததில்லை.

ஒரு காலத்தில் மருத்துவர்களே இதை இதயத்துக்குக் காவல் என்று நம்பினோம். மாதவிடாய் நின்ற பிறகுதானே பெண்களுக்கு மாரடைப்பு கூடுகிறது, குறைந்துபோன பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. 1998இல் வெளியான ஹெர்ஸ் ஆய்வு அதைக் கலைத்துப் போட்டது. ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோய் உள்ள 2,763 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. நான்கு ஆண்டு பார்த்தும் மாரடைப்பு குறையவில்லை. முதல் ஆண்டில் ஹார்மோன் எடுத்தவர்களுக்கே அதிகம் வந்தது. இத்தனைக்கும் அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு இறங்கியிருந்தது! காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைந்து குழாயை அடைப்பது வேறு. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது.

பிறப்புறுப்பு வறட்சிக்குத் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் வேறு சங்கதி. ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். அதைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் அவதிப்படுகிறார்கள்.

அந்த அம்மாவின் ஈசிஜி சரியாகவே இருந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். ராத்திரி வேர்வைக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே குறைந்த அளவில் இதற்கும் கேட்கும். ஆனால் வேர்வையோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்கலோ இருந்தால், மாதவிடாய் நின்ற கோளாறு என்று படுத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

அப்புறம், "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா" என்று கேட்பதோடு இப்போது நான் விடுவதில்லை. மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களிடம், கோயில், விசேஷம் என்று தள்ளிப்போட வாங்கும் மாத்திரையைப் பற்றியும் தனியாகக் கேட்கிறேன். அதுவும் ஹார்மோன்தான். கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், "அது மூணு நாளைக்குத்தானே டாக்டர், அதெல்லாம் மருந்தா?"