விருது, பட்டம், பரிசு: மூன்றும் ஒன்றா?

டிசம்பர் சீசன் நெருங்கும்போது சென்னை சபாக்களின் அழைப்பிதழ்கள் சில பிழை திருத்த என்னிடம் வரும். அப்படி வந்த ஒன்றில் மேலே ‘விருது வழங்கும் விழா’, நடுவில் ‘பட்டமளிப்பு’, கீழே ‘பரிசு பெறுவோர்’ என்று அச்சாகியிருந்தது. மூன்றும் ஒரே கலைஞருக்குத்தான். அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்டால், “அவார்டுதான் சார், எது சரியான தமிழோ அதைப் போட்டுடுங்க” என்றார். நியாயமான கேள்வி.

முதலில் விருது. கொடி, வெற்றிச் சின்னம், பட்டப்பெயர் என்பவைதான் இதன் பழைய பொருள்கள். பெற்ற பெருமையை நாலு பேர் பார்க்கத் தூக்கிக் காட்டுவது விருது. முன்பு விருதுபட்டியாக இருந்து விருதுநகர் ஆன ஊரின் பெயரில் இந்தச் சொல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘பிருது’ என்பார்கள். வடமொழியிலும் ‘பிருத’ உண்டு, தமிழ்ப் பேரகராதி அதிலிருந்து வந்ததாகத்தான் காட்டுகிறது. வடசொல்லோ இல்லையோ, இத்தனை காலம் நம் வாயில் புழங்கிய சொல்லைத் தள்ளி வைக்க எனக்கு மனமில்லை.

விருதைக் கல்லில் பார்க்க வேண்டுமென்றால் சென்னையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. பல்லாவரத்தில், இன்று தர்காவாக இருக்கும் குடைவரையில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் சிறப்புப் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. மத்தவிலாசன், விசித்திரசித்தன், குணபரன் என்று அவனுக்கு ஏகப்பட்ட பெயர்கள். கல்வெட்டு படிப்பவர்கள் இவற்றை விருதுப் பெயர்கள் என்றே சொல்வார்கள். அரசன் தனக்குத் தானே சூட்டிக்கொண்டாலும் அது விருதுதான், யாரும் எடைபோட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை.

பட்டம் வேறு. நெற்றியில் கட்டும் பொன் தகடுதான் பட்டம், அதனால்தான் இன்றும் ‘பட்டம் கட்டினார்கள்’ என்கிறோம். பெயரோடு ஒட்டிக்கொள்வது பட்டம். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி இப்படி ஒரு பட்டம், 1942இல் ஏற்படுத்தினார்கள். 1968இல் எம். எஸ். சுப்புலட்சுமிக்குக் கிடைத்தபோது அதைப் பெற்ற முதல் பெண் அவர். தமிழிசைச் சங்கம் கொடுக்கும் இசைப்பேரறிஞரும் பட்டம்தான், அது நல்ல தமிழில் அமைந்தது. மாநில அரசின் கலைமாமணியும் முதலில் கலாசிகாமணி என்றுதான் இருந்தது. கேட்டவுடன் புரிகிற இசைப்பேரறிஞர், கலைமாமணி என்ற இந்த இரண்டு பெயர்களையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி அவார்டு. இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது, அங்கே அதற்கு ‘கவனித்துப் பார்த்தல்’ என்று பொருள். பார்த்து, ஆராய்ந்து, முடிவு சொல்லுவது. தொழில் தகராறுகளில் நடுவர் கொடுக்கும் தீர்ப்பையும் அவார்டு என்று சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில் எனக்குப் புறநானூற்றின் 208ஆம் பாட்டுதான் நினைவுக்கு வரும். குன்றும் மலையும் கடந்து பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்கப் போகிறார். அவன் நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்து அனுப்பி வைக்கிறான். புலவர் வாங்க மறுக்கிறார். ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்கிறார். பார்க்காமல் கொடுத்ததை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை, என் தகுதியின் அளவறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார். அவார்டு என்ற சொல்லுக்குள் இருக்கிற ‘பார்த்தல்’ அப்படியே பரிசிலுக்குள்ளும், அதாவது புலவர்களுக்குத் தரும் கொடைக்குள்ளும், இருக்கிறது பாருங்கள்! பொருளால் நெருங்கிய தமிழ்ச்சொல் பரிசில்தான் என்பேன். ஆனால் அதிலிருந்து இன்று நமக்கு மிஞ்சியிருக்கிற பரிசு, ஓட்டப்பந்தயத்துக்கும் லாட்டரிக்கும் பிறந்தநாளுக்கும் போய்விட்டது. அதனால் சாதனைக்குத் தருவதை விருது என்றும், பெயரோடு சேர்வதைப் பட்டம் என்றும், போட்டியில் ஜெயித்து வாங்குவதைப் பரிசு என்றும் எழுதுங்கள். ஷீல்டு கேடயம், மெடல் பதக்கம், மெமெண்டோ நினைவுப் பரிசு, இவற்றில் குழப்பமில்லை.

அழைப்பிதழில் ‘விருது வழங்கும் விழா’வை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் அடித்தேன். அப்புறம் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் பொன்னாடைக்குப் பதினைந்து நிமிடம், வாழ்த்துரைக்கு நாற்பது நிமிடம், அந்தக் கலைஞர் என்ன செய்தார் என்று சொல்லும் தகுதியுரைக்கு இடமே இல்லை. ‘தகுதியுரை: 10 நிமிடம்’ என்று பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பினேன்.